0.999… = 1: சொல்லிக்கொடுப்பவர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பூஜ்ஜியம், புள்ளி, அதன்பின் முடிவே இல்லாமல் ஒன்பது ஒன்பதாக. இந்த எண் 1-க்குச் சமமா, இல்லை ஒரு மயிரிழை குறைவா? மெய்யெண்கள் பாடம் நடக்கும் வாரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் கிளம்பும் சண்டை இது. என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் பல ஆண்டுகளாக ஒரு பயிற்சிக் கணக்கு இருந்தது. 0.99999…-ஐப் பின்னமாக எழுதச் சொல்லி, விடையைக் கண்டு ஆச்சரியமாக இருக்கிறதா என்று கேட்டு, ஆசிரியரோடும் நண்பர்களோடும் கலந்து பேசவும் சொல்லும். பின்னமாக மாற்றுவது இரண்டு நிமிட வேலை. கலந்து பேசத்தான் பாதி வகுப்புகளில் நேரம் இருப்பதில்லை.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். சமம். தோராயமாகவோ, நடைமுறைக்காகவோ, ஒரு பேச்சுக்காகவோ இல்லை, துல்லியமாகச் சமம். இதில் கணித அறிஞர்களுக்குள் இரண்டு கட்சி கிடையாது. ஆனாலும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இதைத் தோற்றுப்போய்த்தான் ஒப்புக்கொள்கிறார்கள். ஆசிரியர் கரும்பலகையில் நாலு வரி போடுகிறார், எங்கே தப்பு என்று தெரியாததால் பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது, மனசுக்குள் மட்டும் "எங்கேயோ ஏமாத்துறாங்க" என்று இருக்கிறது. அந்தச் சந்தேகத்தில் நியாயம் உண்டு. கீழே உள்ளவை ஆசிரியர்களுக்கும், வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அப்பா அம்மா அண்ணன் அக்காக்களுக்கும்.

செய்ய வேண்டியவை

மூன்று புள்ளிக்கு என்ன பொருள் என்று முதலில் பேசி முடியுங்கள். சண்டை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. 0.9, 0.99, 0.999, 0.9999 என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். இதில் உள்ள ஒவ்வொரு எண்ணும் 1-ஐ விடக் குறைவு. முதலாவது 0.1 குறைவு, இரண்டாவது 0.01 குறைவு, நூறாவது எண்கூடக் குறைவுதான். பிள்ளை சொல்வது இதைப் பற்றி என்றால் பிள்ளை சொல்வது சரி, அதை உடனே ஒத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் 0.999… இந்தப் பட்டியலில் எந்த வரியிலும் இல்லை. பட்டியலில் இருப்பவை எல்லாம் எங்கேயோ ஓரிடத்தில் ஒன்பது நின்றுபோனவை. நிற்காத ஒன்பதுகளை யாரும் எழுதி முடித்ததில்லை, முடிக்கவும் முடியாது. பிறகு 0.999… என்று எழுதினால் அது எதைக் குறிக்கிறது? இந்தப் பட்டியல் எந்த எண்ணைக் குறிவைத்துப் போகிறதோ அந்த எண்ணை. கொஞ்சம் கறாராகச் சொன்னால், நீங்கள் எவ்வளவு சின்ன இடைவெளியைச் சொன்னாலும், ஒரு கட்டத்துக்குப் பிறகு பட்டியலில் உள்ள எல்லா எண்களும் எந்த எண்ணிலிருந்து அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகின்றனவோ, அந்த எண். பாடப்புத்தகத்தில் அதற்குப் பெயர் எல்லை. அப்படி ஓர் எண் உண்டென்றால் அது ஒன்றே ஒன்றாகத்தான் இருக்க முடியும். இங்கே அது 1.

இதைச் சொன்னதும் "அப்போ நீங்களா வெச்சுக்கிட்ட பொருள்தானே சார்?" என்று ஒரு குரல் வரும். ஆமாம் என்று சொல்லுங்கள். முடிவில்லாத தசமத்துக்குப் பொருள் வானத்திலிருந்து விழவில்லை, மனிதர்கள் வைத்ததுதான். 0.333…-க்கும், பை என்ற எண்ணின் தசம விரிவுக்கும் வைத்த அதே பொருள்தான் இதற்கும். அவற்றை ஏற்றுக்கொண்டு இதை மட்டும் தள்ளிவைக்க வழியில்லை.

வித்தியாசம் எவ்வளவு என்று கேளுங்கள். வகுப்பில் இப்படிப் போகும்:

"ரொம்ப ரொம்பச் சின்ன வித்தியாசம் இருக்கு சார்."

"இருக்கட்டும்ப்பா. எவ்வளவு? ஒரு எண்ணாச் சொல்லு."

"பத்து லட்சத்துல ஒண்ணு."

"ஏழு ஒன்பது போட்டாலே வித்தியாசம் கோடியில ஒண்ணுக்கு வந்துடுதே. 0.999… அதைவிடப் பெரிசுதானே? அப்புறம் பத்து லட்சத்துல ஒண்ணு எப்படி மிஞ்சும்?"

"சரி சார், நூறு கோடியில ஒண்ணு."

"பத்து ஒன்பது போடு. ஆயிரம் கோடியில ஒண்ணு ஆயிடுச்சு."

மூன்றாவது தடவை பையன் எண் சொல்ல மாட்டான். சிரிப்பான், அல்லது "எதைச் சொன்னாலும் நீங்க தாண்டிருவீங்க சார்" என்பான். அந்த வாக்கியம்தான் நிரூபணம். அதைப் பையன் வாயிலிருந்து வரவைத்ததில் உங்கள் வேலை முக்கால்வாசி முடிந்தது. மீதியை எழுதிக் காட்டுங்கள். வித்தியாசம் ஒரு நேர்ம எண் என்று வைத்துக்கொண்டால், அது 1/10-ஐ விடச் சிறியது, 1/100-ஐ விடச் சிறியது, 1/1000-ஐ விடச் சிறியது, இப்படி எல்லாவற்றையும் விடச் சிறியதாக இருக்க வேண்டும். அப்படி ஒரு நேர்ம எண் மெய்யெண்களில் கிடையாது. எவ்வளவு சின்ன நேர்ம எண்ணை எடுத்தாலும் அதைவிடச் சின்னதாக ஒரு 1/1000…0 உண்டு. இந்தப் பண்பு ஆர்க்கிமிடீஸ் பெயரால் வழங்குகிறது. ஆகவே வித்தியாசம் பூஜ்ஜியம்.

நீள் வகுத்தலை ஒரு தடவை பிடிவாதமாகப் போட்டுக் காட்டுங்கள். 1-ஐ 1-ஆல் வகுக்க வேண்டும். ஈவு 1, மீதி 0, வேலை முடிந்தது. ஆனால் வேண்டுமென்றே அப்படிச் செய்யாமல் "1-இல் 1 பூஜ்ஜியம் தடவை" என்று எழுதுங்கள். மீதி 1. புள்ளி வைத்து ஒரு பூஜ்ஜியம் சேர்த்தால் 10. இதில் 1 பத்துத் தடவை போகும். ஈவில் ஓரிடத்துக்கு ஓர் இலக்கம்தான் எழுத முடியும் என்பதால் 9 தடவை என்று எழுதுங்கள். பத்தில் ஒன்பது போக மீதி 1. இன்னொரு பூஜ்ஜியம், மறுபடி 10, மறுபடி 9, மறுபடி மீதி 1. ஈவு 0.999 என்று நீண்டுகொண்டே போகிறது.

மீதி எப்போதும் வகுத்தியை விடச் சிறியதாக இருக்க வேண்டும் என்பது மூன்றாம் வகுப்பு விதி. அதை முதல் படியிலிருந்தே மீறினோம். மற்றபடி கணக்கு எங்கும் பிசகவில்லை. ஒவ்வொரு படியிலும் கையில் நிற்கும் அந்த மீதி 1-க்கு இட மதிப்பு என்ன என்று பிள்ளையையே கேளுங்கள். முதலில் பத்தில் ஒன்று, அடுத்து நூறில் ஒன்று, அடுத்து ஆயிரத்தில் ஒன்று. மேலே பேசிய வித்தியாசம்தான் இங்கே மீதியாக வந்து நிற்கிறது. நோட்டில் அரைப் பக்கம் போதும். சொற்பொழிவு எதுவும் தேவையில்லை.

மூன்றில் ஒன்றோடு நிறுத்தாமல் ஏழில் ஒன்றுக்குப் போங்கள். 1/3 = 0.333…, அதை மூன்றால் பெருக்கினால் 0.999… என்பது எல்லோரும் காட்டுவது. ஏழு இன்னும் அழகு. 1/7 = 0.142857142857…, 6/7 = 0.857142857142…. ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டச் சொல்லுங்கள். 1-உம் 8-உம் 9. 4-உம் 5-உம் 9. 2-உம் 7-உம் 9. 8-உம் 1-உம், 5-உம் 4-உம், 7-உம் 2-உம், எல்லாம் ஒன்பது. கையில் எடுத்துப்போக எதுவுமே இல்லை. ஏழில் ஒன்றும் ஏழில் ஆறும் சேர்ந்தால் 1 என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட மறுக்காது. பதினேழில் ஒன்றுக்கும் பதினேழில் பதினாறுக்கும் இதே கதைதான். 142857 என்ற ஆறு இலக்கத்தைப் பாதியாக வெட்டி, 142-ஐயும் 857-ஐயும் கூட்டினால் 999 வருவதையும் போகிறபோக்கில் காட்டிவிடுங்கள். இது ஏன் நடக்கிறது என்று 1836-இல் விளக்கியவர் மிடி என்ற பிரெஞ்சுக்காரர்.

அடம்பிடிக்கும் பிள்ளையைத் தட்டிக்கொடுங்கள். "0.333…-உம் மூன்றில் ஒன்றுக்குச் சமமில்லை சார், கொஞ்சம் குறைவுதான்" என்று யாராவது சொன்னால், வகுப்பிலேயே ஒழுங்காக யோசித்த பிள்ளை அதுதான். 0.333…-ஐக் கேள்வியில்லாமல் விழுங்கிவிட்டு 0.999…-க்கு மட்டும் முகம் சுளிப்பவர்களை விட இந்தப் பிள்ளையின் நிலை நேர்மையானது. முதல் அறிவுரையில் சொன்ன பொருள் பற்றிய பேச்சுக்குத் திரும்பிப் போக இதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

இந்தச் சந்தேகம் சின்னப் பிள்ளைகளோடு நிற்பதும் இல்லை. இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்க வந்த முதலாண்டு மாணவர்களிடம் இதையே கேட்டுப் பார்த்ததை டேவிட் டாலும் ஷ்வார்ட்சன்பெர்கரும் 1978-இல் எழுதினார்கள். பெரும்பாலோர் 1-ஐ விடக் குறைவு என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆசிரியர்களுக்கும் இது புதிதல்ல. ரிச்சர்ட் டெடகிண்ட் 1858-இல் சூரிச்சில் நுண்கணிதம் நடத்தும்போது, எல்லை பற்றிப் பேச வரும் இடத்தில் எல்லாம் படத்தைக் காட்டிச் சமாளிக்க வேண்டியிருக்கிறதே, இதற்கு எண்ணிலிருந்தே ஓர் அடித்தளம் இல்லையே என்று சங்கடப்பட்டார். அந்த ஆண்டு நவம்பர் 24 அன்று அவருக்கு வழி பிடிபட்டது. அதை நூலாக அச்சிட்டது 1872-இல். அதே ஆண்டு கேண்டரும் வேறொரு வழியில் மெய்யெண்களைக் கட்டிக் காட்டினார். மூன்று புள்ளிக்கு உறுதியான பொருள் கிடைத்து இன்னும் இருநூறு வருஷம்கூட ஆகவில்லை. பதினாலு வயதுப் பிள்ளை ஒரே பீரியடில் ஒப்புக்கொள்ளவில்லை என்று கோபித்துக்கொள்வதில் என்ன நியாயம்?

டெடகிண்ட் வழியைப் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்படிக் காட்டலாம். ஓர் எண்ணை அடையாளம் காண, அதைவிடச் சிறிய பின்னங்கள் எவை என்று மட்டும் பாருங்கள். 1-ஐ விடச் சிறிய ஏதாவது ஒரு பின்னம் சொல்லச் சொல்லுங்கள், 12345/12346 மாதிரி. அது 1-ஐ விட 1/12346 குறைவு. ஐந்து ஒன்பதுகள் கொண்ட 0.99999 ஒரு லட்சத்தில் ஒன்றுதான் குறைவு. ஆகவே அந்தப் பின்னம் 0.99999-க்குக் கீழே விழுந்துவிட்டது. எந்தப் பின்னத்தைச் சொன்னாலும் இப்படித்தான். 1-க்குக் கீழே இருக்கும் பின்னங்களும் 0.999…-க்குக் கீழே இருக்கும் பின்னங்களும் ஒரே கூட்டம். அப்படியானால் எண்ணும் ஒன்றே.

நீலகண்டரைச் சொல்லுங்கள். இதெல்லாம் ஐரோப்பியச் சமாசாரம் என்று விட்டுவிட வேண்டியதில்லை. கேரளத்துத் திருக்கண்டியூரில் வாழ்ந்த நீலகண்ட சோமயாஜி (1444-1544) ஆரியபடீயத்துக்கு எழுதிய பாஷ்யத்தில் 1/4 + 1/16 + 1/64 + … என்று போகும் தொடரை எடுத்துக்கொண்டு, அதன் கூட்டுத்தொகை 1/3 என்கிறார். அதோடு விடவில்லை. கூட்டுத்தொகை அந்த அளவு வரை போகும் என்றும், அதைத் தாண்டாது என்றும் எப்படித் தெரியும் என்ற கேள்வியை அவரே எழுப்புகிறார். நம் வகுப்புப் பையனின் கேள்விதான் அது. 1/3-இல் 1/4 போனால் 1/12 மிச்சம். அதில் 1/16 போனால் 1/48. அதில் 1/64 போனால் 1/192. ஒவ்வொரு தடவையும் மிச்சம் கடைசியாகக் கழித்த உறுப்பின் மூன்றில் ஒரு பங்கு. நான்கு நான்கு மடங்காகச் சுருங்கும் அந்த மிச்சத்தைக் கண்காணிப்பதுதான் அவர் முறை. இந்தத் தொடர் முழுவதையும் மூன்றால் பெருக்கிப் பாருங்கள். 3/4 + 3/16 + 3/64 + … = 1. நான்கை அடிமானமாகக் கொண்டு எண் எழுதுபவர்களுக்கு இது 0.333… = 1; நம் 0.999… = 1-இன் உடன்பிறப்பு.

செய்யக்கூடாதவை

பத்தால் பெருக்கிக் கழிக்கும் முறையை முதலில் எடுக்காதீர்கள். x = 0.999… என்க. 10x = 9.999…. கழித்தால் 9x = 9. x = 1. நாலே வரி. எல்லோருக்கும் பிடித்த முறை இது. ஆய்லரே 1770-இல் வெளிவந்த தம் இயற்கணித நூலில் 9.999… = 10 என்று இதைப் போன்ற வழியில்தான் காட்டுகிறார். முறை சரி, விடையும் சரி. ஆனால் சந்தேகப்படுகிற பிள்ளைக்கு முன்னால் இது எடுபடாது, எடுபடவும் கூடாது. ஏனென்றால் முதல் வரியிலேயே 0.999… என்பது ஓர் எண், அதைக் கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம் என்று ஒப்புக்கொள்ள வைத்துவிடுகிறோம். சண்டையே அதைப் பற்றித்தானே?

இதே வித்தையை இடதுபக்கம் செய்து பாருங்கள். x = …999, அதாவது இடப்பக்கம் முடிவில்லாமல் ஒன்பதுகள். 10x = …9990. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 9. ஆகவே −9x = 9, x = −1. ஒன்பதுகளை அடுக்கிக்கொண்டே போனால் கழித்தல் ஒன்று வருமாம்! 1 + 2 + 4 + 8 + … என்று போவதை S என்று வைத்தாலும் S = 1 + 2S ஆகி S = −1 வந்து நிற்கும். எண்ணா இல்லையா என்று பார்க்காமல் எதற்கும் x என்று பேர் வைத்துக் கணக்குப் போட்டால் இதுதான் கதி. (ஹென்சல் 1897-இல் தொடங்கிவைத்த இன்னொரு வகை எண்களில் இடதுபக்கம் போகும் ஒன்பதுகளுக்கு −1 என்பதே சரியான விடை. அது வேறு உலகம். ஒன்பதாம் வகுப்பில் வேண்டாம்.)

0.9, 0.99, 0.999 என்ற பட்டியல் ஏறிக்கொண்டே போகிறது, 1-ஐ ஒருபோதும் தாண்டுவதில்லை, ஆகவே அதற்கு ஓர் எல்லை உண்டு என்று முதலில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு நாலு வரியைப் போட்டால் யாருக்கும் ஏமாற்றியதாகத் தோன்றாது. 1 + 2 + 4 + 8 + … என்ற தொடருக்கு அந்த எல்லை இல்லை. 0.999…-க்கு இருக்கிறது. முழு வேறுபாடும் இவ்வளவுதான்.

"நெருங்கிக்கொண்டே போகும், தொடவே தொடாது" என்று சொல்லாதீர்கள். பாதி ஆசிரியர்கள் வாயில் தன்னையறியாமல் வரும் வாக்கியம் இது. பாதிக் குழப்பத்துக்கு விதையும் இதுதான். நெருங்கிப் போவது பட்டியல். 0.999… எங்கேயும் போவதில்லை. அது ஓர் எண். எண்கோட்டில் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறது. 5 எதையாவது நெருங்குகிறதா? இப்போது எந்த ஒன்பதில் நிற்கிறது, அடுத்த ஒன்பது எப்போது சேரும் என்ற கேள்விக்கு இதில் இடமே கிடையாது. எல்லா ஒன்பதுகளும் ஏற்கெனவே அதில் உண்டு.

ரவுண்ட் பண்ணுகிறோம் என்று சொல்லாதீர்கள். ஜவுளிக்கடைக்காரர் 999 ரூபாய் என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறார், நாம் ஆயிரம் என்று சொல்லிக்கொள்கிறோம். அங்கே ஒரு ரூபாய் நிஜமாகவே குறைகிறது. இங்கே எதுவும் குறையவில்லை, எதையும் நாம் சேர்த்துக்கொள்ளவும் இல்லை.

கால்குலேட்டரைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். சாதாரண எட்டு இலக்கக் கால்குலேட்டரில் 1 ÷ 3 போட்டு, வந்ததை 3-ஆல் பெருக்கினால் 0.9999999 என்று காட்டும். "பாத்தீங்களா, 1 வரல" என்பார்கள். உண்மைதான், ஏழு ஒன்பதுகளோடு நின்ற எண் 1 இல்லை. கோடியில் ஒரு பங்கு குறைவு. அந்தப் பெட்டிக்குள் ஏழு இடத்துக்கு மேல் எழுத இடமில்லை, அதனால் அது 0.3333333-ஐ மூன்றால் பெருக்கியது. மூன்றில் ஒன்றை அது பெருக்கவே இல்லை. அறிவியல் கால்குலேட்டரில் 1 என்று வந்தால் அதுவும் சாட்சியாகாது. திரையில் காட்டாத சில இலக்கங்களை உள்ளே வைத்திருந்து கடைசியில் முழுமைப்படுத்திவிடுகிறது, அவ்வளவுதான்.

பைதான் கற்கும் பிள்ளைகள் வேறொரு வேலை செய்வார்கள். பதினாறு ஒன்பது போட்டு 1-க்குச் சமமா என்று கேட்டால் கணினி இல்லை என்கிறது, பதினேழு போட்டால் ஆமாம் என்கிறது. நிரூபணம் கிடைத்துவிட்டது என்று துள்ளாதீர்கள். பதினேழு ஒன்பதுகள் கொண்ட எண் நிச்சயமாக 1-ஐ விடச் சிறியது. கணினி அந்த எண்ணைத் தன்னிடம் உள்ள 64 பிட்டுக்குள் அடக்கப் பார்க்கிறது. அதற்கு மிக அருகில் அதனால் எழுத முடிந்த எண் 1. இந்த "ஆமாம்" தப்பான ஆமாம்.

0.000…1 என்று எழுதுபவரை அதட்டாதீர்கள். "இதுதான் சார் வித்தியாசம்" என்று எழுதிக் காட்டுவார்கள். அந்த 1 எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். 1585-இல் தசம முறையை விளக்கி ஐரோப்பாவில் பரப்பிய சைமன் ஸ்டெவின், ஒவ்வொரு இலக்கத்தோடும் அதன் இடத்தின் வரிசை எண்ணை வட்டமிட்டு எழுதினார்: முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. எழுத அலுப்பான முறைதான். ஆனால் இந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. தசமத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. ஆயிரமாவது இடம் உண்டு, கோடியாவது இடம் உண்டு. "முடிவில்லாத பூஜ்ஜியங்களுக்கு அப்புறம்" என்று ஓர் இடம் கிடையாது. வட்டத்துக்குள் என்ன எழுதுவாய் என்று கேட்டால் பிள்ளை தானே அழித்துவிடும்.

"வேறு எண் அமைப்பில் சமமில்லையாமே" என்பவரிடம் பயப்படாதீர்கள், அதை வைத்துத் தப்பிக்கவும் செய்யாதீர்கள். ஆபிரகாம் ராபின்சன் 1960-களில் உருவாக்கிய மீமெய்யெண் அமைப்பில் பூஜ்ஜியத்தை விடப் பெரிய, ஆனால் எல்லாச் சாதாரண நேர்ம எண்களையும் விடச் சிறிய நுண்ணெண்கள் உண்டு. அங்கே ஒரு முடிவிலி எண்ணைக் குறிப்பிட்டு, அத்தனையாவது இடத்தோடு ஒன்பதுகளை நிறுத்தினால், கிடைக்கும் எண் 1-ஐ விட ஒரு நுண்ணெண் அளவு குறைவுதான். ஆனால் கவனியுங்கள், அங்கேயும் ஒன்பதுகள் நிறுத்தப்பட்டுவிட்டன. எங்கும் நிற்காத 0.999… அந்த அமைப்பிலும் 1-தான். பள்ளிப் புத்தகத்தில் 0.999… என்று அச்சாகியிருப்பது மெய்யெண். அதைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு வேறு அமைப்பிலிருந்து பதில் சொல்வது கேட்டதற்கு விடையாகாது.

ஒன்பதுக்கு ஏதோ மகிமை இருப்பதாக நினைக்க விடாதீர்கள். நாம் பத்தின் அடிமானத்தில் எழுதுகிறோம், அதில் கடைசி இலக்கம் 9. கணினியின் இரண்டடிமானத்தில் 0.111… = 1. மூன்றடிமானத்தில் 0.222… = 1. பதினாறடிமானத்தில் 0.999… என்று எழுதினால் அது 1 இல்லை. பதினைந்தில் ஒன்பது, அதாவது நம் முறையில் 0.6.

கை தூக்கச் சொல்லி ஓட்டு எடுக்காதீர்கள். தோற்ற பிள்ளை அப்புறம் கணக்கைப் பார்க்காது, மானத்தைத்தான் பார்க்கும்.

முடிந்த பிறகு, நேரம் இருந்தால்

"சரி, சமம்னே இருக்கட்டும், அதனால் என்ன?" என்ற கேள்வி மிஞ்சும். பதில் இருக்கிறது. ஓர் எண்ணுக்கு ஒரே ஒரு தசம வடிவம்தான் என்ற நம்பிக்கை இங்கே உடைகிறது. 1/2, 2/4, 50/100 மூன்றும் ஒன்று என்பதை யாரும் எதிர்ப்பதில்லை. தசமத்திலும் அப்படி இரட்டை வடிவம் உண்டு என்பதுதான் செய்தி. 3.7-க்கு இன்னொரு வடிவம் 3.6999…. 12-க்கு 11.999…. முடிகிற தசமங்களுக்கு இப்படி இரண்டு வடிவங்கள். 1/3, 1/7, பை போன்ற முடியாதவற்றுக்கு ஒன்றுதான்.

இதை மறந்தால் கல்லூரியில் அடி வாங்க நேரும். மெய்யெண்களை வரிசைப்படுத்தி எண்ணிவிட முடியாது என்று கேண்டர் 1891-இல் மூலைவிட்ட முறையில் காட்டினார். அந்த நிரூபணத்தைத் தசமத்தில் சொல்லும்போது, பட்டியலில் உள்ள முதல் எண்ணின் முதல் இலக்கத்தை மாற்றி, இரண்டாவதன் இரண்டாம் இலக்கத்தை மாற்றி, பட்டியலில் இல்லாத புதிய எண் ஒன்றை உருவாக்குவார்கள். 0-ஐயும் 9-ஐயும் போட்டு மாற்றினால், புதிய எண் என்று நாம் நினைப்பது 0.4999… ஆகவும், பட்டியலில் ஏற்கெனவே இருப்பது 0.5 ஆகவும் இருந்து நிரூபணம் கவிழ்ந்துவிடலாம். அதனால்தான் கவனமான ஆசிரியர்கள் 4, 5 மாதிரி இலக்கங்களை மட்டும் பயன்படுத்துகிறார்கள். ஏன் என்று கேட்காமலே அதை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு வருபவர்கள் நிறையப் பேர்.

நம் பழைய பின்னங்களையும் எடுத்துக்கொள்ளலாம். முந்திரி 1/320, அரைக்காணி 1/160, காணி 1/80, மா 1/20, வீசம் 1/16, அரைக்கால் 1/8. இவற்றின் பகுதிகளில் 2, 5 தவிர வேறு பகாக் காரணி இல்லை. ஆகவே எல்லாமே முடிகிற தசமங்கள், காணி 0.0125, முந்திரி 0.003125. முடிகிறவை என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒன்பதுகளால் ஆன இன்னொரு வடிவமும் உண்டு. முந்திரியின் மறு வடிவம் 0.003124999…. பிள்ளையிடம் காணிக்கும் அரைக்காலுக்கும் மறு வடிவம் எழுதச் சொல்லுங்கள். 0.0124999…, 0.124999… என்று சரியாக எழுதிவிட்டால் பாடம் புரிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

கெட்டிக்காரப் பிள்ளைக்கு இன்னொரு கேள்வி: ஒன்பதுகளால் ஆன மறு வடிவம் இல்லாத முடிவுறு தசமம் ஏதாவது உண்டா? உண்டு, ஒன்றே ஒன்று. பூஜ்ஜியம்.